டிரம்மில் அழித்த பெயர்

கள்ளக்குறிச்சி மனமகிழ் மன்றத்தில் வாசிக்கத் தொடங்கியபோது எங்கள் ராக் குழுவுக்கு ‘தண்டர் பாய்ஸ்’ என்று பெயர். டிரம்ஸ் வாசித்த காசிமுக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி என்பதால், பிறகு அது ‘காசிம் பார்ட்டி’ ஆனது. டிரம்மில் பெயர் எழுதுவது கிட்டார் வாசிக்கும் என் வேலை.

கச்சிராயபாளையம் கோயில் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். முஸ்லிம் பெயர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானாகவே பயந்து, காசிமிடம் சொல்லாமல் அவன் பெயரை அழித்துப் பழைய பெயரை எழுதி, உறை போட்டு மூடிவிட்டேன்.

வழியில் இடஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். வேனிலிருந்து இறங்கி, டிரம்மை மரத்துக்கு மேலாகத் தூக்கினோம். கைகொடுத்த போராட்டக்காரர் ஒருவர், உறை நழுவியதும் கேட்டார்.

“நீங்க காசிம் பார்ட்டிதான? இன்னாத்துக்குப் பேர மாத்திக்கினீங்க?”

காசிம் அப்போதுதான் டிரம்மைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் உறையை இழுத்து மூடினேன்.

“நான்தாங்க மாத்தச் சொன்னேன்” என்று காசிம் அவரிடம் சொன்னான்.

மறுநாள் பெயிண்ட் டப்பாவோடு அவன் வீட்டுக்குப் போனேன்.

“வேணாம்டா. அடுத்த திருவிழாவுக்கு மறுபடியும் அழிக்கணும். உனக்குத்தான் கஷ்டம்” என்று சொல்லி, டீ கொடுத்தான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.