பன்றிக்கு அரைத்த மசாலா

தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் நான் வீடு கூட்டி, துணி துவைத்து வந்த காலத்தில், மாசி மாதமானால் ஒரு ஜெர்மன்காரர் வந்து தங்குவார். இங்கே தேயிலை வாங்கித் தன் ஊரில் விற்கிற வியாபாரி. அவர் ஊரில் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடத்துகிற சங்கத்துக்கும் அவர்தான் தலைவராம்.

எதிரே யாராவது வந்தால் சுவரோரம் ஒதுங்குகிற ஆள் நான். அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. பங்களாச் சமையல்கார அண்ணன் இங்கிலீஷில் கேட்டு எனக்குச் சொன்னதுதான் எல்லாம். சின்ன வயதில் அப்பாவின் கடையில் சாக்கு இறக்கினாராம். பிறகு அந்தக் கடையைக் கம்பெனியாக்கினாராம். ஒரு தடவை தன் புகைப்படம் ஒன்றைக் காட்டினார். கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, அதில் நெஞ்சு நிறைய வில்லைகள். அவர் ஊரில் சுடுகிற போட்டியில் ஜெயித்தவருக்கு ஒரு வருஷத்துக்கு ராசா என்று பட்டமாம்.

பங்களா அலமாரியில் குரங்கு விரட்டுகிற காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடந்தது. சாயங்காலத்தில் அதைத் துடைத்து எடுத்துப் போய், புல்வெளிக் கோடியில் மண்மேட்டின் முன்னால் வட்டம் போட்ட காகிதத்தை நிறுத்திச் சுடுவார். முதலில் கம்பில் ஒரு சிவப்புத் துணி கட்டுவார். காய்ந்த துணி எடுக்க நான் அந்தப் பக்கம் போனால், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நான் திரும்பும்வரை கையைக் கட்டி நிற்பார். எனக்காக ஒரு துரை காத்து நிற்கிறாரே என்று வெட்கத்தில் ஓடியே வந்துவிடுவேன்.

அந்த வருஷம்தான் என் மகள் ஹட்டன் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பஸ்ஸுக்கும் கால் சப்பாத்துக்கும், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த உருளைக்கிழங்கைத்தான் நம்பியிருந்தோம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கிழங்கு போனால் அவளும் நின்றுவிடுவாள். காட்டுப்பன்றி வந்து ஒரு பக்கப் பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டது.

"அண்ணே, அந்தத் தொரைகிட்ட நீங்க கேட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"கேக்குறேன். ஆனா நீயும் கூட வந்து நில்லு தங்கச்சி. அப்பத்தான் எரங்குவாரு."

நின்றேன். தலை நிமிரவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

செய்தி எனக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு மதினி அம்மியில் மசாலா அரைத்து வழித்துக்கொண்டிருந்தார். "ராசாவே வர்றாருடி! ஒரு பன்னி விழுந்தா லயத்துக்கே கறி."

அவர் வெறுங்கையோடு வந்தார். எல்லாரும் அவர் முதுகுப் பக்கம்கூட எட்டிப் பார்த்தார்கள். துப்பாக்கி இல்லை. குனிந்து பார்த்தபடி கிழங்குப் பாத்தியைச் சுற்றினார். பாத்திக்கு அந்தப் பக்கம் யார் வீடு என்று கேட்டார். மதினி வீடு. தலையை ஆட்டிவிட்டு அண்ணனிடம் என்னவோ சொன்னார்.

"காத்துத் துப்பாக்கிக்குப் பன்னி சாகாதாம். பெரிய துப்பாக்கியால சுட்டா குண்டு பன்னியோட நிக்காதாம். அந்தாண்ட புள்ளைங்க இருக்குதாம். அதோட, இவரு உசிரு எதையும் சுட்டதே இல்லையாம். காயிதந்தானாம்" என்றார் அண்ணன்.

"காயிதத்தச் சுடுறவருக்கா ராசா பட்டம்?" என்றார் மதினி. "அப்ப அரைச்ச மசாலாவக் காயிதத்துல தடவித் திங்கவா?"

லயமே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் அதை அவருக்குச் சொல்லவில்லை. ஆனாலும் அவரும் கூடச் சிரித்துவிட்டு, சுவரில் சாய்த்திருந்த மம்பட்டியைக் காட்டிக் கேட்டார். சுடுகிற இடத்தில் குண்டைத் தாங்கும் மண்மேட்டை அவர் ஊரில் சங்கத்து ஆட்களே போடுவார்களாம். பாத்தியைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, அந்த மண்ணை உள்பக்கம் மேடாக ஏற்றினால் பன்றி தயங்கும் என்றார். சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே வெட்டத் தொடங்கினார்.

எங்கள் ஆட்கள் தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வெட்டியே பழகியவர்கள். எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? "தொரை, இப்படிக் கொத்துனா கால்லதான் விழும், கொடுங்க" என்று ஒருவர் வாங்கினார். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் ஆழமாக ஒரு கான், உள்ளே இடுப்பளவு மேடு. அவர் கையெல்லாம் கொப்புளம்.

பன்றி கிளறிப் போட்ட பிஞ்சுக் கிழங்குகளைப் பொறுக்கி, அந்த மசாலாவிலேயே மதினி குழம்பு வைத்தார். நான் ரொட்டி சுட்டேன். அவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, காது சிவக்கச் சாப்பிட்டார். கேட்காமலே இன்னொரு ரொட்டி வைத்தேன். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பன்றி பிறகும் வந்தது. மேட்டைச் சுற்றிக் குளம்புத் தடம் கிடக்கும், உள்ளே இருக்காது. மகள் படிப்பை முடித்தாள். இப்போது ஹட்டனில் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள்.

அவர் தன் ஊரில் இறந்துபோனார் என்று போன மாசியில் அண்ணன் வந்து சொன்னார். நான் கானின் ஓரத்தில் போய் நின்றேன். மழையில் மண் சரிந்து பாதி தூர்ந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் மதினி மம்பட்டியோடு வந்தார்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? வா, ராசாவோட கானைத் தூரெடுப்போம். மசாலா அரைச்சு வச்சிட்டுத்தான் வந்தேன்."

"பன்னிக்கா மதினி?" என்றேன்.

"போடி, கெழங்குக்குத்தான்."