ஏழு பின்களும் ஒரு காற்புள்ளியும்

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்ப்பது சின்ன கம்பெனி. எஃகு பின்களைக் கடைந்து, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்புகிறோம். நான் தரப் பிரிவில் இருக்கிறேன். பின்களை அளப்பதும், அளந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் என் வேலை.

முதல் முறையாக ஜெர்மனியிலிருந்து ஓர் ஆர்டர் வரும்போல இருந்தது. மாதிரிக்கு அறுபது பின்கள் அனுப்பியிருந்தோம். விட்டம் இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதற்குக் கீழே இருபது மைக்ரான் வரை குறையலாம். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமான வேலை. அதைச் செய்தவர் தேய்ப்பு இயந்திரத்தை ஓட்டும் எங்கள் கிரைண்டிங் ஆபரேட்டர். தமிழ் பேசுகிற எல்லைப் பக்கத்து ஹனூர்க்காரர். என் அம்மா வீடும் அந்தப் பக்கம்தான் என்பதால் என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்.

ஜெர்மனிக்காரர்கள் அங்கே அளந்த எண்கள் ஒரு சனிக்கிழமை காலை மெயிலில் வந்தன. அறுபதையும் நகலெடுத்து என் எக்செல் தாளில் ஒட்டினேன். 24,987, 24,991 என்று வரிசையாக இறங்கின. மைக்ரானில் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அளவு வரம்பையும் மைக்ரானிலேயே போட்டேன். ஏழு கட்டங்கள் சிவந்தன. ஆறு பின்கள் பெரிது, ஒன்று சிறிது.

மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். பிறகு கிரைண்டிங் பக்கம் போய், "மிஷின் நில்லிசி" என்றார் கன்னடத்தில். இயந்திரம் நின்றது. அடுத்த வாரத்திலிருந்து ஆபரேட்டர் பேக்கிங்கில் இருக்கட்டும், கிரைண்டிங்குக்கு வேறு ஆளைப் பார்ப்போம் என்றும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

ஆபரேட்டர் கையைத் துடைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஏன் அம்மிணி, நீயும் அளந்துதானே அனுப்புனே?"

"அறுபதும் அளந்தேனுங்கண்ணா. ஒண்ணுகூட வெளிய போகல."

"அப்புறம் எப்படி அங்க போயி பெருசாகும்? அந்த மெயில்ல இருக்கறத அப்படியே படி. நான் எழுதிக்கறேன்."

ஒரு பழைய டெலிவரி சலான் தாளைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்தார். நான் மெயிலைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். "இருபத்திநாலு, கமா, ஒம்பது எட்டு ஏழு." அவர் எழுதினார். "இருபத்திநாலு, கமா, ஒம்பது ஒம்பது ஒண்ணு." இப்படியே போனது. ஐந்தாவது பின் சிவப்பில் இருந்தது. "இருபத்திநாலு, கமா, ஒம்பது ஒம்பது."

பேனா நின்றது. "அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"மத்ததுக்கெல்லாம் மூணு எண் சொன்னே. இதுக்கு ரெண்டுதான் சொல்றே."

எழுந்து போய் அவர் எழுதிய தாளைப் பார்த்தேன். 24.987 என்று எழுதியிருந்தார். கமா என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் அவர் பாட்டுக்குப் புள்ளி வைத்திருந்தார். மில்லிமீட்டரிலேயே வேலை செய்கிற கை. அதற்கு வேறெப்படியும் எழுத வராது.

அது மைக்ரானே இல்லை. ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். 24,987-ஐ என் கம்ப்யூட்டர் இருபத்திநாலாயிரத்துச் சொச்சமாகப் படித்திருக்கிறது. கடைசிப் பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு வந்த 24,99-ஐ எண்ணாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்து என்று நினைத்து, எல்லா எண்ணையும்விடப் பெரிது என்று தள்ளியிருக்கிறது. பெரிது என்று சிவந்த ஆறும் அப்படித்தான். ஏழாவது பின்னுக்கு வெறும் 25 என்று இருந்தது. அதை இருபத்தைந்து மைக்ரான் என்று எடுத்துக்கொண்டு, சிறிது என்றது.

"அண்ணா, அது சரியா இருபத்தஞ்சு மில்லிமீட்டர். ஒரு மைக்ரான் கூடவுமில்ல, கொறையவுமில்ல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போட்டுக் காட்டு."

எக்செல் ஆப்ஷன்ஸுக்குள் போனேன். கம்ப்யூட்டரின் சொந்தப் பிரிப்புக் குறிகளைப் பயன்படுத்து என்கிற டிக்கை எடுத்துவிட்டு, தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி என்று மாற்றினேன். அவசரத்தில் முதல் தடவை இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன். திருத்தினேன். பழைய எண்களை அழித்து, வரம்பை மில்லிமீட்டரில் அடித்து, மெயிலிலிருந்து மறுபடி ஒட்டினேன்.

அறுபதும் பச்சை.

ஆபரேட்டர் திரையை மேலிருந்து கீழே விரலால் எண்ணினார். பிறகு கீழிருந்து மேலே. நான் மேனேஜர் அறைக்கு ஓடினேன். நடந்து போகத் தோன்றவில்லை. அவர் வந்து பார்த்து, பழைய முறையிலும் ஒருமுறை ஒட்டச் சொன்னார். ஏழு சிவந்தன. மாற்றினேன், பச்சையாயின. மூன்றாம் தடவை மவுஸை அவரே வாங்கிச் செய்து பார்த்தார்.

"ஜெர்மனிக்காரங்க ரிஜெக்ட்ன்னு எங்கயாவது எழுதியிருக்காங்களா?"

"இல்ல சார். எண் மட்டும்தான் அனுப்பினாங்க. சிவப்பு நம்ம போட்டது."

அவர் ஆபரேட்டர் பக்கம் திரும்பினார். "தப்பு என்னுது. போய் மிஷின் போடுங்க." தமிழிலேயே சொன்னார். ஆபரேட்டர் எழுந்தார். போகிற வழியில் சலான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கிரைண்டிங் சத்தம் கேட்டது. அடுத்த வாரம் ஆர்டரும் வந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை பஸ்ஸில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்தில் ஐடி கம்பெனி அடையாள அட்டை போட்ட ஒரு பெண். யாரென்றே தெரியாது. கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காதிலிருந்த இயர்போனைக் கழற்றி, பையிலிருந்து பேனா எடுத்து, தன் உள்ளங்கையிலேயே 24,99 என்று எழுதிப் பார்த்தாள். "நம்ம டீமல்லூ ஹீகே ஆயித்து" என்று ஆரம்பித்தாள். அவர்கள் குழுவிலும் இதேபோல நடந்ததாம். அவர்களுக்கு நாளும் மாதமும் இடம் மாறி, தேதி தலைகீழாகிப் போயிருந்தது. அதைக் கேட்டு முடிப்பதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டது.