அண்ணர் குரல் உயர்த்திய தெரு

எங்கள் அன்பு அண்ணர் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. துயரம் சற்று ஆறியதென்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அவருடைய வாழ்வை நினைக்கையில் துயரத்தோடு எரிச்சலும் வருகிறது.

அண்ணர் ஊர்காவற்றுறையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா கடலில் காலமானபின் குடும்பத்தைச் சுமந்தவர் அவரே. கரையில் மீன் ஏலம் கூறுவது தொழில். அவர் வாய் திறந்தால் தோணியில் நிற்பவருக்கும் விலை கேட்கும். போர் எங்களை ஊரைவிட்டு எழுப்பியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்தவர், அண்ணியையும் மகளையும் என்னையும் பின்னர் அழைத்துக்கொண்டார்.

இங்கு ஒரு வசதியான வீட்டில் வேலை. வெள்ளைச் சட்டையோடு மேசையில் பரிமாற வேண்டும். "சீ, சிஞ்ஞோரா" என்பதோடு, அதாவது "சரி, அம்மா" என்பதோடு, பேச்சு முடிந்துவிடும். அவருக்கு ஓய்வு கிடைக்கும் மத்தியானத்தில் கடைகளெல்லாம் பூட்டிக் கிடக்கும். அயலவர் கன்னத்தில் முத்தமிட வருவார்கள், அண்ணி பின்வாங்குவார். எல்லாவற்றையும் பொறுத்தார். மேல்வீட்டு மூதாட்டி பல்கனி கழுவி ஊற்றும் அழுக்குத் தண்ணீரைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

நாங்கள் குடியிருந்த போர்கோ வெக்கியோ பகுதியில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. அண்ணி சேமித்த தண்ணீரில் தோய்த்துக் காயப்போட்ட சட்டைகளில் அந்த அழுக்கு சொட்டும். கறையோடு போன ஒருநாள், வேலைவீட்டார் அண்ணரைத் திருப்பி அனுப்பிவிட்டனர். இன்னொருமுறை என்றால் வேறு ஆள் பார்ப்பார்களாம்.

அன்றே, பள்ளியில் இத்தாலிய மொழி பழகியிருந்த மகளைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். நானும் போனேன்.

"கேள் பிள்ளை, கீழை உடுப்புக் காயுறது கண்ணுக்குத் தெரியேல்லையோ எண்டு!"

பிள்ளை மெதுவாக ஏதோ சொன்னாள். மூதாட்டி அவள் கன்னத்தைத் தட்டி, ஒரு பை தோடம்பழம் கொடுத்தார்.

"நான் ஏசினதுக்கு ஏன் இவ பழம் தாறா?"

"பெரியாக்களிட்டை அப்பிடிக் கேக்கக் கூடாது அப்பா. நான் 'பெர் ஃபவோரே', தயவுசெய்து பாத்து ஊத்துங்கோ எண்டுதான் சொன்னனான்."

அண்ணர் படியிலேயே அமர்ந்துவிட்டார். "இஞ்சை கோவப்படுறதுக்கும் ஆள் பிடிக்கவேண்டிக் கிடக்கு."

அதன்பின் ஓய்வு நாட்களில் சந்தையில் மீன் விற்பவர்களின் அருகே நின்று, அவர்கள் கூவுவதை வாய்க்குள் சொல்லிப் பழகினார். சில மாதம் கழித்து மறுபடி தண்ணீர் சொட்டிய காலையில், பல்கனியில் நின்று அந்தச் சந்தைப் பாஷையிலேயே கத்தினார். தெருவின் யன்னல்களெல்லாம் திறந்தன. மூதாட்டி எட்டிப் பார்த்துத் திகைத்தார்; பிறகு அவரும் கத்தினார். மூச்சு வாங்கும்வரை இருவரும் சண்டை பிடித்தனர். அண்ணர் வியர்வையோடு உள்ளே வந்தார்.

"பசிக்குது. சோத்தைப் போடும்."

"வந்த காலத்திலையிருந்து இண்டைக்குத்தான் கேட்டுச் சாப்பிடுறியள்" என்றார் அண்ணி.

அதன்பின் மூதாட்டி கழுவுமுன் குரல் கொடுப்பார். இருந்தும் சண்டை ஓயவில்லை. ஏதாவதொரு காரணம் இருவருக்கும் அகப்படும். வேலைவீட்டில் மட்டும் அண்ணர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து, மூன்றாம் நாள் எங்களைவிட்டுப் பிரிந்தார்.

அடக்கத் திருப்பலியில் வேலைவீட்டு ஐயா பேசினார். "மிக அமைதியான மனிதர். இத்தனை ஆண்டுகளில் அவர் குரலையே நான் கேட்டதில்லை" என்று புகழ்ந்தார். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து மேல்வீட்டு மூதாட்டி எழுந்தார்.

"யார், இவரா அமைதி? தெரு முழுக்கக் கேட்குமே!" என்று கத்திவிட்டு அழுதார்.

வைத்தியசாலையில் துணை நின்றோருக்கும், பங்குத் தந்தைக்கும், மலர்வளையம் அனுப்பிய வேலைவீட்டாருக்கும் எங்கள் நன்றி. ஆலயத்தில் சத்தம் போட்டதற்காக அந்த அம்மா அன்று மாலையே வந்து அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மா, அண்ணருக்காக அன்று உண்மையைச் சொன்னவர் நீங்கள் ஒருவரே. உங்களுக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.