என்டர் தட்டினால் ரத்து

மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்து அறை அவனுடையது. கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன் என்பதால் எல்லோரும் கேலியாக அவனை "டாக்டர்" என்றார்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் இணையப் பக்கம் அவன் கட்டியது.

அன்று காலை மேலே டயாலிசிஸ் பிரிவுக்குப் போனவன் வாசலில் கூட்டம் மொய்ப்பதைக் கண்டான். வந்தவர்களில் பலருக்குப் பதிவே இல்லை. அவர்களுடைய படுக்கைகளில் காத்திருப்போர் பட்டியலிலிருந்து அழைக்கப்பட்ட வேறு ஆட்கள். குழாய் ஏற்றியவர்களைப் பாதியில் எழுப்பவும் முடியாது.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர், கால்கள் வீங்கி, மூச்சு இரைக்கச் சக்கர நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி இவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், நேத்துதான் போன் நம்பர மாத்திட்டுப் போனோம். இப்ப பேரே இல்லங்கறாங்க. காப்பாத்துங்க டாக்டர்!"

தான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லாமலே பதிவு மேசைக்கு ஓடினான்.

பதிவு மேசைப் பெண்ணுக்கு 'சிட்டு' என்று பட்டப்பெயர். விரல்கள் அவ்வளவு வேகம். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சத்தியமா நான் எதையும் அழிக்கல."

"நம்பர் எப்படி மாத்துவேன்னு காட்டு."

மாதிரிப் பதிவு ஒன்றைத் திறந்து எண்ணைத் திருத்தினாள். மவுசைத் தொடாமல் என்டரைத் தட்டினாள். திரையில் 'முடிந்தது' என்று வந்தது. பதிவு காணாமல் போனது.

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிர்வாகியின் நச்சரிப்பில் முந்தின நாள்தான் அதே படிவத்தில் 'சேமி'க்கு முன்னால், பதிவையே நீக்கும் 'ரத்து' பொத்தானை வைத்திருந்தான். என்டர் தட்டினால், முதலில் இருக்கும் பொத்தானை அழுத்தியதாகவே பிரவுசர் எடுத்துக்கொள்ளும்.

'ரத்து'வைத் தனிப் படிவமாகப் பிரித்தான். எந்தப் பொத்தானை அழுத்தியது என்று தெரியாமல் எந்தக் கோரிக்கை வந்தாலும் பதிவைத் தொடக்கூடாது என்று நிரலில் எழுதினான். பழைய நகலிலிருந்து பெயர்களை மீட்டான். ஆனால் திரும்பி வந்தவை பழைய போன் எண்கள். அதற்குள் ஓட்டுநரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

சிட்டு ஒவ்வொருவராக அழைத்தாள். காலையில் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்மணியின் எண் மட்டும் உபயோகத்தில் இல்லை.

அவன் விலாசத்தை வாங்கிக்கொண்டு பைக்கில் பறந்தான். மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினான். திறந்தது மருமகள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேங்க. அம்மா எப்படி இருக்காங்க?"

"வேற இடத்துல சேத்துட்டோம், நல்லா இருக்காங்க. மனுஷங்களா நீங்கல்லாம்? இனி உங்க வாசப்படிய மிதிச்சா கேளுங்க!"

கதவு முகத்தில் அறைந்தது. அந்தத் திட்டு அவன் வயிற்றில் பால் வார்த்தது.

திரும்பி வந்தபோது ஓட்டுநர் இன்னும் கண் திறக்கவில்லை. வெளியே பெஞ்சில் அவர் மனைவி கணவரின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.