ஒரு வாய் தண்ணீர்

“…தவிச்சிகினே போவட்டும்னு வுட்டுடறதா சார்? ஒரு வாய் தண்ணிகூட ஊத்தாமலா?”

கேட்டது பிள்ளைகளில் ஒருத்தர் இல்லை. சத்துணவு சமைக்கிற அம்மா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாதம் கிளறிய கரண்டியைக் கையில் பிடித்தபடி வகுப்பு வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்து நின்றார் என்று நான் கவனிக்கவில்லை.

ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. ஆடிக்கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். விரதத்தோடும் காவடியோடும் மலைக்கோயில் படியேறுகிறவர்கள் வெயிலில் சுருண்டு விழுவார்கள். விழும்போது கூட நிற்பது பெரும்பாலும் அந்தந்த வீட்டுப் பிள்ளைகள்தான். அதனால் அந்தச் சமயத்தில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் மயக்கத்தைப் பற்றித்தான் பேசுவேன்.

நான் டாக்டர் இல்லை. அரக்கோணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தபோது முதலுதவி பழகிக்கொண்டவன். கூப்பிடுகிற பள்ளிக்கெல்லாம் போவேன். உண்மையைச் சொன்னால், மருந்தைவிட எனக்கு மனிதர்கள் பேசுகிற பேச்சுதான் பிடிக்கும். நம் பக்கம் ஓர் ஆள் விழுந்தால் என்னென்ன குரல் கேட்கும் என்று நடித்துக் காட்டித்தான் வகுப்பையே ஆரம்பிப்பேன். “காத்து வர வழி வுடுங்கய்யா” என்று கத்துகிறவரே காற்றை மறைத்துக்கொண்டு குனிவார். “இரும்பக் குடு, இரும்பக் குடு” என்று ஒருத்தர் பைக் சாவியைக் கையில் திணிப்பார். இத்தனைக்கும் மேலே ஒரு பெண்குரல், “தண்ணி கொண்டாங்கடி!”

அன்றும் பிள்ளைகள் சிரித்தார்கள். “எங்க மாமா செருப்பக் கழட்டி மூக்காண்ட வெச்சாரு சார்” என்றான் ஒருவன். “அந்த நாத்தத்துக்குப் பொணமே எழுந்து ஓடும்டா” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். “நெனவு இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தக் கூடாது. அவங்களால முழுங்க முடியாது. தண்ணி மூச்சுக்குழாய்ல போயிடும். காப்பாத்தறதா நெனச்சிகினு நீங்களே மூச்ச அடைச்சிடுவீங்க.”

அப்போதுதான் வாசலிலிருந்து அந்தக் கேள்வி வந்தது.

அவர் உள்ளே வரவில்லை. நிலைப்படியிலேயே நின்று சொன்னார். “எங்கூட்டுக்காரரு தறி ஓட்டிட்டு வந்து ஒக்காந்தாரு சார். நெஞ்சப் புடிச்சிகினு அப்டியே சாஞ்சிட்டாரு. பக்கத்தூட்டு அக்கா, ‘பெத்த புள்ள கையால ஒரு வாய் ஊத்து, தவிப்போட போவக் கூடாது’ன்னுது…” சட்டென்று நிறுத்தினார். “நான்தான் ஊத்தினேன். என் கையாலதான் ஊத்தினேன். அப்போ நான் அடைச்சிட்டனா சார்?”

என் பக்கத்தில் நின்ற வகுப்பு ஆசிரியை தலையைத் திருப்பாமல் மெல்லச் சொன்னார்: “சார், அன்னிக்கு அந்தம்மா இங்க சமைச்சிகினு இருந்தாங்க. நான்தான் போயி விஷயம் சொன்னேன். வீட்ல இருந்தது அவங்க பொண்ணு. ஜொரம்னு லீவு போட்டிருந்துச்சி. அதோ, ஜன்னலாண்ட.”

ஜன்னலோரம் இருந்த பெண் குழந்தை பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த முகம் தெரியும். வகுப்பு ஆரம்பிக்கும் முன் தொண்டை காய்ந்து, “கண்ணு, அந்தப் பாட்டில எடு” என்று அந்தப் பிள்ளையிடம்தான் கேட்டிருந்தேன். என்னைப் பார்த்தது, பாட்டிலைப் பார்த்தது, கையை நீட்டவில்லை. வேறொரு பெண் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தாள்.

“அப்போலேர்ந்து யாருக்கும் தண்ணி எடுத்துக் குடுக்காது சார்” என்றார் ஆசிரியை.

தாய் எதற்காகப் பொய் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கேட்டது தனக்காக இல்லை. நான் சொல்லப்போகும் ஒரு வார்த்தை அந்த ஜன்னலோரத்தில் போய் விழும். “தண்ணியால ஒண்ணும் ஆவாது” என்று சொல்லிவிடலாம். சொன்னால், நாளைக்கு மலைப்படியில் நாற்பது பிள்ளைகளும் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை இதைச் சுமந்துகொண்டே வளரும். இன்றைக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் தண்ணீர் என்று சொல்லும்போது என் நாக்கு ஒரு நொடி நின்றுவிடுகிறது.

“அம்மா, நீங்க ஊத்தின தண்ணி உள்ள போச்சா?” என்று கேட்டேன்.

அவர் விழித்தார். அங்கே இருந்திருந்தால்தானே தெரியும்?

“போவல சார்.” பதில் ஜன்னலோரத்திலிருந்து வந்தது. “ரெண்டு பக்கமும் வழிஞ்சிடுச்சி. நைனா முழுங்கவே இல்ல.”

“ஏய், நீ சும்மா இருடி!” என்றார் தாய். குரலில் கோபமில்லை, பயம்தான்.

நான் பெஞ்சு அருகே போனேன். “ஊத்தறதுக்கு முன்னால நெஞ்சு ஏறி எறங்கிச்சா கண்ணு?”

“இல்ல சார். கையி வெச்சிப் பாத்தேன். சும்மா இருந்திச்சி.”

“அப்போ நீ செம்ப எடுக்கறதுக்கு முன்னாலயே மூச்சு நின்னுடுச்சிம்மா. தண்ணி அடைக்கல. நான் மனசுக்கு ஆறுதலா சொல்லல, நீ பாத்தத வெச்சிதான் சொல்றேன்.”

தாய் கதவைப் பிடித்துக்கொண்டார். அதோடு முடிந்தது என்று நானும் மூச்சு விட்டேன். ஆனால் அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

“அப்போ நான் இன்னா செஞ்சிருக்கணும் சார்?”

எனக்கு விடை தெரியும். நெஞ்சின் நடுவில் கைவைத்து, ஆள் வரும்வரை விடாமல் அழுத்தியிருக்க வேண்டும். அதை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஒரு பாரத்தை இறக்கி இன்னொன்றை ஏற்றுவதுபோல் இருந்தது. ஆனாலும் சொன்னேன். “நெஞ்ச அழுத்தணும். ஒனக்கு யாரும் அதக் கத்துக்குடுக்கல. அழுத்தியிருந்தாலும் பொழைச்சிருப்பாருன்னு என்னால சொல்ல முடியாது.”

“இப்போ கத்துக்குடுங்க.”

“அதப் பொம்மை மேலதான் பழகணும். மூச்சு இருக்கறவங்க மேல அழுத்தக் கூடாது. பொம்மை வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கு, நாளைக்குக் கொண்டாறேன். மூச்சு இருந்து நெனவு இல்லாதவங்கள ஒருக்களிச்சுத் திருப்பிப் போடறது இருக்கு, அத இன்னிக்கே பழகலாம். வாயில இருக்கறது தானா வெளிய வந்துடும். யாராவது ஒருத்தர் வந்து படுங்க.”

ஒரு பிள்ளையும் எழவில்லை. கேட்ட கதைக்குப் பிறகு, கண்ணை மூடிக்கொண்டு தரையில் நீட்டிப் படுக்க எந்தப் பிள்ளைக்குத்தான் மனசு வரும்? ஆசிரியையும் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

தாய் உள்ளே வந்து கரண்டியை ஜன்னல் மேடையில் வைத்தார். செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறி, கைகளைத் துடைத்துக்கொண்டார். மகளின் பெஞ்சுக்குப் பக்கத்தில், வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். அப்படியே மல்லாந்து படுத்து, கைகால்களைத் தளரவிட்டு, கண்களை மூடிக்கொண்டார்.