நல்ல எடை

கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ‘மலை’. ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. நாலு கிலோ இரும்புக் குண்டைக் கழுத்தோடு அணைத்துச் சுழன்று எறிந்தால், அளவு நாடா பிடிப்பவர்கள் தாமாகவே நாலடி பின்வாங்குவார்கள். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் பெஞ்சில் உட்கார்ந்தால் மறுமுனையில் இருப்பவள், “ஐயோ, என்னைத் தூக்கிடுச்சுடி!” என்று கத்துவாள். மலையும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காவிட்டால் கேலி இரண்டு மடங்காகும் என்பது அவளுக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

இரண்டாம் வருடம் எடை ஏறத் தொடங்கியது. மூன்றே மாதத்தில் ஆறு கிலோ. திங்கள்கிழமைதோறும் எடை பார்க்கும் பயிற்சியாளருக்குத் தலைகால் புரியவில்லை.

“எண்பத்தெட்டு! நல்ல எடை! நீங்களும் இருக்கீங்களே, ஊதினா பறந்துடுவீங்க” என்று மற்ற பெண்களைப் பார்த்துக் கைதட்டினார்.

மலைக்கு மட்டும் தெரியும், தட்டில் பாதிச் சோறு தினமும் குப்பைக்குப் போவது. காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் விரல் புதையும் பள்ளம். காலையில் கண் திறக்காத அளவுக்கு இமை வீக்கம். “யாருடி அவன்? இப்படி அழ வச்சிருக்கான்?” என்று அறைத்தோழி கிண்டலடித்தாள். எறியும் தூரமோ வாரத்துக்கு வாரம் குறைந்தது.

பல்வலி என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாக மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா ரிசல்ட்டை இரண்டு தடவை படித்தார்.

“கூட யாரு வந்திருக்கா?”

“யாரும் வரல.”

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா?”

பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். “தோள்வலிக்கு. கோச் குடுப்பாரு. காலேஜ் சேர்ந்ததுலேர்ந்து. ஒரு நாளைக்கு மூணு, போட்டின்னா அஞ்சு.”

செத்த பூச்சியைத் தள்ளுவதுபோல அவர் அந்த அட்டையை விரல் நுனியால் ஓரமாகத் தள்ளினார். “ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சும்மா. இது மட்டும்தான் காரணம்னு சொல்லமாட்டேன். உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்ததுல இது எண்ணெய் ஊத்தியிருக்கு. இந்த வாரமே அட்மிட் ஆகணும்.”

“பதினெட்டு நாள் தள்ளிப்போடலாமா?”

“தள்ளிப்போட இது என்ன கல்யாணத் தேதியா?”

பதினெட்டாம் நாள் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. முதல் இரண்டு இடத்துக்கு மின்சார அலுவலகத்தில் வேலை. சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அம்மாவும், பார்சல் வேன் ஓட்டும் அண்ணனும் அந்த வேலையை அவள் கையில் கிடைத்துவிட்டதாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். ரிப்போர்ட்டை மெத்தைக்கு அடியில் சொருகினாள்.

மாத்திரையை நிறுத்தியதும் தோள் நெருப்பாக எரிந்தது. எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியை நக்கியது போலிருந்தது. “தின்ன சோத்துக்காவது எறிடி!” என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் அவளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். ஒருநாள் மனசு கேளாமல் அவரிடம் சொல்லிவிடலாமென்று அறை வாசல்வரை போனாள். உள்ளே அவர் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “எனக்கு இந்த வருஷம் பிரமோஷன் உறுதி. மலை ஒருத்தி போதும்.” வந்த வழியே திரும்பிவிட்டாள்.

போட்டியில் முதல் இரண்டு எறியும் தப்பாகப் போயின. மூன்றாவதில் நாலு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் இரண்டாம் இடம் பிடித்தாள். எறிந்த கையோடு கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். போனில் அம்மா அழுத அழுகையில் சலவைக்கூடத்து இயந்திரச் சத்தமே அமுங்கிப்போனது.

வேலைக்கு முன் உடல் பரிசோதனை. பத்தே நாளில் ‘தகுதியில்லை’ என்று கடிதம் வந்தது. மூன்றாவதாக வந்த பெண் வேலையில் சேர்ந்தாள்.

பயிற்சியாளர் கொதித்தார். “முன்னாடியே சொல்லியிருந்தா வேற பொண்ண இறக்கியிருப்பேனே! நம்ப வச்சுக் கழுத்த அறுத்துட்டியே!”

“நீங்க குடுத்த மாத்திரைதான் சார்.”

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரல் மட்டும் தணிந்தது. “நான் குடுத்தேன்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

மறுநாள் அவள் சாமான்கள் மூட்டையாக விடுதி வராந்தாவில் கிடந்தன. விளையாட்டு ஒதுக்கீட்டு அறையாம், விளையாடுகிறவர்களுக்குத்தானாம்.

டயாலிசிஸ் தொடங்கியது. இடது கையில் ரத்தக்குழாய் ஒல்லி என்று, ஊசிக் குழாய் செருக எறிகிற வலது கையைக் கீறி வழி செய்தார்கள்.

“இனிமே இந்தக் கையால கனமா எதையும் தூக்காதே” என்றார் சர்ஜன்.

“எவ்வளவு கனம் வரைக்கும் தூக்கலாம்?”

“ஒரு வாளித் தண்ணிகூட வேணாம்.”

வேறு கிட்னி பொருத்தவேண்டும் என்றார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. அதனால் அம்மாவின் கிட்னியை எடுக்கமுடியாது. அண்ணனுடையது பொருந்தியது. “என் தங்கச்சிக்கு நான் இருக்கேன்” என்று பார்த்தவர்களிடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். நாலு நாள் இருக்கும்போது அவன் போன் அணைந்தது.

மறுநாள், ஊசிக் குழாய்களோடு அவள் டயாலிசிஸ் வார்டில் கிடந்தபோது வந்தான். கட்டிலருகே வராமல் கால்மாட்டிலேயே நின்றான்.

“குட்டி, எனக்கு ரெண்டு புள்ளைங்க. வண்டி ஓட்டுற உடம்பு. பயமா இருக்குடி.”

வீட்டில் அவள் எப்போதும் குட்டிதான். கோபம் வரும் என்று காத்திருந்தாள். களைப்புதான் வந்தது.

“அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.” கட்டில் கம்பியைத் தேய்த்துக்கொண்டே நின்றான். “நீயே சொல்லிடேன். நீதான் வேணாம்னு சொன்னதா.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து அம்மா வந்தாள், சலவைச் சோப்பு வாசனையோடு.

“அண்ணன் கிட்னி எனக்கு வேணாம்மா. நான்தான் வேணாம்னுட்டேன்.”

அம்மா பளாரென்று கன்னத்தில் அறைந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“திமிரு! ஒடம்பெல்லாம் திமிரு! எவ்வளவு ஆசையா இருந்தான் எம்புள்ள!”

மலை கடிகாரத்தைப் பார்த்தாள். மெஷினில் இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் பாக்கி இருந்தது.