மஞ்சளாய் நின்ற நாற்று

வேரோடு பிடுங்கிய நெல் செத்த நெல் என்றுதான் நான் நம்பியிருந்தேன். கத்தரியையும் மிளகாயையும் பிடுங்கி நட்டவன்தான் நானும். ஆனால் நெல்லுக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று யாரோ எனக்கு உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். யார் என்று யோசித்துப் பார்த்தால், நான்தான்.

அக்குறணைக்குக் கீழே எங்கள் பக்கத்தில் அன்று எல்லோரும் நெல்லை முளைகட்டி வீசித்தான் விதைத்தோம். நாற்று நடுவதெல்லாம் வேறு ஊர்க்காரர் வேலை. ஒரு நாள் கண்டியிலிருந்து விவசாயப் போதனாசிரியர் ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். கடைத்தெருவில் எங்களைக் கூட்டிவைத்து, பொறுக்கியெடுத்த நல்ல விதை நெல் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார்.

"ஒரு வயல் தந்தால் போதும். விதை நாங்கள் தாறம். விளைஞ்சால் அதிலயிருந்து மற்றவைக்கும் விதை குடுக்கலாம்."

எல்லோரும் சும்மா இருக்கும் இடத்தில் என் வாய் சும்மா இருக்காது.

"என்ட வயல எடுங்க தொர. மழைய மட்டும் நீங்க கொண்டு வாங்க."

கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "ஓம். நாளைக்கு வாறன்" என்றார். வந்துவிட்டார்.

"ஊரச் சிரிக்க வெக்க, ஈக்கிய ஒரே வயலயா குடுத்தீங்க?" என்று கேட்டாள் என் மனைவி. அந்த வயல் நெல்தான் எங்களுக்கு வருஷத்துச் சோறு. அது பொய்த்தால் கடை அரிசி. கடை அரிசி வாங்க என்னிடம் இருந்த ஒரே முதல் என் வாய்.

அவர் வயல் மூலையில் விதைத்த நெல் நாற்றானதும் அதைப் பிடுங்கி, கயிறு பிடித்து வரிசை வரிசையாக நட்டார்கள். வரம்பில் நின்ற மச்சான், மனைவியின் தம்பி, அதைப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"மச்சான், தொழுகைக்கு நிக்கிய மாதிரி சஃப்பு நேரா ஈக்கி! இமாமத்தான் காணல்ல!"

"இமாம் சேத்துல கால் மாட்டி நிக்கிறார், பாரு" என்று போதனாசிரியரைக் காட்டினேன். அவருக்கு முழங்கால் வரை சேறு. அப்படி நின்றபடியே அவர் என்னிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அடுத்த பகிடியைத் தேடிக்கொண்டே தலையாட்டினேன்.

இரண்டு மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். நாற்று முழுக்க மஞ்சள். பாதி தண்ணீரில் படுத்திருந்தது.

"சஃப்போட மௌத்தாப் போச்சே மச்சான்" என்றான் அவன்.

வரிசையோடு செத்ததை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன். கறியில் உப்பில்லை என்று மனைவி சொன்ன பிறகுதான், சாப்பிட்டது கறி என்று தெரிந்தது. மூலையில் அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய விதை நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு நடந்தேன்.

"அது எதுக்கு?" என்றாள் பின்னால்.

"வயல் மௌத்து."

"போதனாசிரியர்ட்டக் கேட்டீங்களா?"

"மையித்துக்கு எதுக்கு வைத்தியர்?"

பிணம் என்று பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

நெல் ஓடையில் ஊறியது. பிறகு வாழை இலைக்கு அடியில், மேலே கல் வைக்கப்பட்டு, முளைவிட்டது. அந்த நாட்களில் நான் வயல் பக்கமே போகவில்லை. அடக்கம் செய்தபின் தோண்டிப் பார்ப்பவன் உண்டா? இதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

முளைத்த நெல்லைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு காலையில் போனேன். வரம்பை வெட்டித் தண்ணீரை வடித்தேன். மச்சான் குனிந்து நாற்றைப் பார்த்தான்.

"மச்சான், நடுக்குருத்துல பச்ச தெரியிதே."

நானும் பார்த்தேன். தெரிந்தது. ஊசி முனை போல, வரிசை நெடுக.

"அது புல்லு" என்றேன்.

"புல்லு சஃப்பு கட்டியா நிக்கிய?"

முளைகட்டிய நெல்லைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உலர்த்தவும் ஆகாது, குத்தவும் ஆகாது. அது தோளில் கனத்தது. வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. வீசினேன். காலமெல்லாம் வீசிய கை. அதற்கு என்னைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இடையில் பிடித்த மழை கொஞ்சம் விட்டபின் போதனாசிரியர் வந்தார். வயல் கரும்பச்சையாக நின்றது. வரிசைக்கு நடுவே இன்னொரு பயிர் அடர்ந்து கிடந்தது.

"இதென்ன இது நடுவில?"

"எங்கட பழைய நெல்லு தொர. நாத்து மௌத்தாப் போன எண்டு நெனச்சி..."

"நட்ட அண்டைக்கே சொன்னனான். பிடுங்கி நட்டால் ஒரு கிழமை மஞ்சளாத்தான் நிக்கும், வேர் பிடிச்சால் பச்சை வந்திடும் எண்டு. நீங்கள் தலையாட்டினீங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் ஒரு பதில் வந்திருக்கும்.

நட்ட நெல் முதலில் பழுத்தது. வீசிய நெல் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. காத்திருந்தால் பழுத்தது உதிர்ந்துவிடும். இரண்டையும் ஒன்றாக அறுத்தோம். பழைய நெல்லில் பெரும்பகுதி பதர். மிச்சம் இரண்டும் கலந்த நெல். அது விதைக்கு ஆகாது என்றார் போதனாசிரியர். அந்தப் போகத்தில் எங்கள் ஊரில் யாருக்கும் புது விதை கிடைக்கவில்லை. எங்கள் பழைய விதையும் தீர்ந்திருந்தது.

அந்த அரிசி உலையில் பாதி குழையும், பாதி வேகாது. அடுத்த அறுவடைக்கு முன்பே அது முடிந்தது. பிறகு பலாக்காய் அவித்துச் சாப்பிட்டோம். நட்ட நாற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை.